ஜிஸ்ட் கட்டியின் மரபணு ரிப்போட்டை வாசிப்பது எப்படி?

மாமாவின் இரைப்பையில் எடுத்த கட்டி 'ஜிஸ்ட்' (இரைப்பை, குடல் சுவரில் வரும் ஒரு வகைக் கட்டி) என்று தெரிந்ததும், ரிப்போட் வாசிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. மூன்று இரவு குழம்பிய பிறகு பிடிபட்ட வழி இது. பயொப்சி என்றால் என்ன என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும்தானே.

முதலில் பதோலொஜி தாளையும் (கட்டியை நுணுக்குக்காட்டியில் பார்த்து எழுதியது) மரபணுப் பரிசோதனைத் தாளையும் தனித்தனியே பிரியுங்கள். இரண்டையும் போட்டோகொப்பி எடுத்து, பென்சிலால் கோடு போட்டு வாசியுங்கள். போனில் பெரிதாக்கிப் பார்த்தால் வரி மாறிப் போகும்.

அடுத்தது நான் சறுக்கிய இடம். முதல் தாளில் 'சிடி117 பொசிட்டிவ்' என்றிருந்தது. கிட் என்ற மரபணுவில் விகாரம், அதாவது பிழையான மாற்றம், என்று முடிவெடுத்து, கனடாவில் இருக்கும் மச்சானுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். பிழை. சிடி117 என்பது கிட் மரபணு உண்டாக்கும் வாங்கிப் புரதத்தின் (வெளியே இருந்து வரும் சைகையைக் கலத்துக்குள் கடத்துவது) இன்னொரு பெயர். பொசிட்டிவ் என்றால் அந்தப் புரதம் கட்டியின் கலங்களில் இருக்கிறது, அவ்வளவுதான். விகாரம் இல்லாத ஜிஸ்டிலும் அது பொசிட்டிவாக வரலாம்.

அப்படியென்றால் விகாரம் என்ன செய்கிறது? கிட் புரதத்தைப் படலையில் உள்ள பெல் என்று நினையுங்கள். வெளியே ஒருவர் அழுத்தினால் உள்ளே அடிக்கும். கையை எடுத்தால் ஸ்பிரிங் தள்ளிவிட்டு நிற்கும். கிட்டில் அந்த ஸ்பிரிங் இருப்பது எக்ஸோன் 11இல் (எக்ஸோன் என்பது மரபணுவின் ஒரு துண்டு). அது பழுதானால் படலையில் ஆளே இல்லாமல் பெல் அடித்துக்கொண்டிருக்கும், கலமும் பிரிந்துகொண்டே இருக்கும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1998இல் கண்டது இதைத்தான்.

சரி, இரண்டாம் தாளில் எக்ஸோன் எண்ணைத் தேடுங்கள். 11 என்றால் இமாட்டினிப் என்ற மருந்து பொதுவாக நன்றாக வேலை செய்யும், நாளுக்கு 400 மில்லிகிராம். 9 என்றால் 800 வரை கூட்டுவது பற்றி டொக்டர் கதைக்கக்கூடும். கிட்டில் ஒன்றுமில்லையென்றால் பிடிஜிஎஃப்ஆர்ஏ மரபணுவைப் பாருங்கள். அங்கே டி842வி என்ற விகாரம் இருந்தால் இமாட்டினிப் எடுபடாது. அதற்கு அவாப்ரிட்டினிப் என்று வேறு மருந்து இருக்கிறது.

மாமாவுக்கு 'எக்ஸோன் 11, 557–558 டெல்'. 'டெல்' என்றால் டிலீஷன், நீக்கம். புரதத்தில் 557ஆம், 558ஆம் இடங்களில் இருக்க வேண்டிய இரண்டு அமினோ அமிலங்கள் (புரதத்தின் கட்டுமானத் துண்டுகள்) விடுபட்டுப் போயிருக்கின்றன. (தம்பி லப்டொப் கம்பனி என்று நினைத்தான்.) இப்படியானதைத் தேட எனக்குப் பிடித்தது கோஸ்மிக் தரவுத்தளம். கட்டிகளில் தோன்றும் விகாரங்களுக்கென்றே தொகுத்தது அது.

பிற்சேர்க்கை: "பிள்ளைகளுக்கும் வருமா?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் விகாரம் கட்டியில் மட்டும்தான். கிட் விகாரம் பரம்பரையில் வருவது மிக அரிது. இன்னொருவரின் ரிப்போட்டில் 'வைல்ட் டைப்' (கிட்டிலும் பிடிஜிஎஃப்ஆர்ஏயிலும் விகாரம் காணப்படவில்லை) என்றிருந்ததாம். நல்ல செய்தி என்று மடித்து வைக்காதீர்கள். அதில் ஒரு வகை குடும்பத்தில் ஓடக்கூடியது. அந்த வகையைக் காட்டிக்கொடுக்கும் எஸ்டிஹெச்பி என்ற புரதப் பரிசோதனை செய்தார்களா என்று அடுத்த முறை தெல்லிப்பழைக் கிளினிக்குக்குப் போகும்போது கேளுங்கள். போட்டோகொப்பியையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.