போன்சாய்: முதல் மரத்துக்கு உருவம் கொடுப்பது எப்படி?

தொட்டியில் குட்டை மரம் வளர்க்கும் கலையான போன்சாயில் கைதேர்ந்த ஒருவர் புதிய செடியை எடுத்து வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பாருங்கள். பாதி நேரம் கையில் கத்தரிக்கோல் இருக்காது. மேல்மண்ணை விலக்கி அடிமரத்தைப் பார்ப்பார், தொட்டியைத் திருப்புவார், சாய்ப்பார், ஒரு கிளையைக் கையால் மறைத்துப் பார்ப்பார். எது போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்பது அந்தப் பார்வையிலேயே முடிவாகிவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் வெட்டிவிட்டு, மிச்சத்தில் ஒரு வடிவத்தைத் தேடுகிறார்கள். பெரும்பாலான முதல் மரங்கள் அங்கேதான் கெடுகின்றன. ஆகவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

இங்கே எடுத்துக்கொள்வது ‘மோயோகி’ எனப்படும் வளைந்து நிமிர்ந்த வடிவம். அடிமரம் இடமும் வலமுமாக வளைந்து ஏறும். உச்சி ஏறக்குறைய அடிக்கு நேர் மேலே வந்து நிற்கும். நேராக நிற்கும் ‘சொக்கான்’ பார்ப்பதற்கு எளிது. ஆனால் அதில் சிறு கோணலும் கண்ணில் உறுத்தும். மோயோகி பிழைகளைத் தாங்கும்.

எந்தச் செடி, எப்போது

முதல் மரத்துக்குச் சிறிய இலை கொண்ட ஃபைகஸ் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஆல், அரசு, அத்தி எல்லாம் இந்தக் குடும்பம்தான். வெட்டிய இடத்துக்குக் கீழே பழைய மரத்திலிருந்தும் துளிர்க்கும் என்பதால் தவறான வெட்டையும் அது மன்னித்துவிடும். ஊசியிலை மரமான ஜூனிப்பர் அப்படியில்லை. பச்சை முழுவதும் போன கிளை மறுபடி துளிர்க்காமல் காய்ந்துவிடும்.

அடியில் 3 செ.மீ. பருமன் உள்ள செடி போதும். முடிந்த மரத்தின் உயரம் அடிப் பருமனைப் போல 6 மடங்கு இருந்தால் முதிர்ந்த தோற்றம் வரும்; 10 மடங்கு வரை போகலாம். அதாவது 3 செ.மீ. அடிக்கு 18 முதல் 30 செ.மீ. வரை. உயரமான செடியை வாங்குவதில் லாபம் இல்லை. மேல்பகுதி எப்படியும் வெட்டுப்படும். அடி பருத்திருக்கிறதா, கீழ்க்கிளைகள் உயிரோடு இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

ஃபைகஸுக்கு வெப்பமான, சுறுசுறுப்பாக வளரும் பருவம் ஏற்றது. தொட்டி மாற்றி சில வாரங்களே ஆன செடியையும் பூச்சி தாக்கிய செடியையும் தொட வேண்டாம். வேருக்கு ஒரு காயம், தழைக்கு ஒரு காயம் என்று இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுத்தால் பல மரங்கள் மீளாது. வேலைக்கு முந்தைய நாள் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தால் கிளைகள் நன்றாக வளையும்.

கருவிகள்

கூர்மையான கத்தரிக்கோல், கம்பி வெட்டும் கட்டர், மூக்குக் குறடு, ஒரு மூங்கில் குச்சி, காயத்தை மூடும் பசை. முடிந்தால் ஒரு கான்கேவ் கட்டர். அது கிளை இருந்த இடத்தைச் சற்றுக் குழிவாக வெட்டும். பட்டை வளர்ந்து மூடும்போது அந்த இடம் புடைக்காமல் சமமாகிவிடும். சாதாரணக் கத்தரியால் வெட்டினால் முண்டு நிற்கும்.

கம்பிக்கு அலுமினியம் போதும்: 1, 1.5, 2, 3 மி.மீ. பருமன்களில். சூடாக்கி மென்மையாக்கிய செம்புக் கம்பி வளைக்க வளைக்க இறுகிவிடும். பைன், ஜூனிப்பர் மரங்களுக்கு அது நல்லது. பழகாத கைக்கு அல்ல, ஒருமுறை தவறாகச் சுற்றினால் திருத்துவது கடினம்.

படி 1: அடியைக் கண்டுபிடியுங்கள்

நர்சரிச் செடிகளில் உண்மையான அடி பெரும்பாலும் 1 முதல் 3 செ.மீ. மண்ணுக்குள் புதைந்திருக்கும். மூங்கில் குச்சியால் மேல்மண்ணை மெதுவாக விலக்குங்கள். அடிமரம் விரிந்து வேர்களாகப் பிரியும் இடம் தெரியும்போது நிறுத்துங்கள். இதுவே ‘நெபாரி’, மரத்துக்கு வயதைக் கொடுக்கும் பகுதி. அதற்கு மேலே நூல் போன்ற வேர்கள் இருந்தால் நறுக்கிவிடலாம். பருத்த வேர் எதையும் இன்று வெட்ட வேண்டாம்.

படி 2: முகப்பைத் தேர்ந்தெடுங்கள்

ஒவ்வொரு போன்சாய்க்கும் ஒரு முகப்பு உண்டு, பார்ப்பவர் நிற்கும் பக்கம். தொட்டியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். வேர்விரிவு எந்தப் பக்கம் அகலமாகத் தெரிகிறது? அடிமரத்தின் வளைவு எந்தப் பக்கம் நன்றாகத் தெரிகிறது? பெரிய தழும்புகள் எந்தக் கோணத்தில் பின்னால் மறைகின்றன? மூன்றும் ஒரே பக்கத்தில் அமைவது அபூர்வம். அமையாவிட்டால் அடியையும் வளைவையும் முதலில் வையுங்கள். தழும்பு காலப்போக்கில் மூடும். மோசமான அடி எளிதில் மாறாது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். உச்சி உங்களை நோக்கிச் சற்றே முன்னால் வர வேண்டும். பின்னோக்கிச் சாயும் மரம் எவ்வளவு அழகாகக் கிளைவிட்டிருந்தாலும் பார்ப்பவரிடமிருந்து விலகுவதாகத் தோன்றும். சாய்வு சரியில்லை என்றால் தொட்டியின் ஒரு பக்கத்தின் அடியில் மரத்துண்டு வைத்து 10, 15 டிகிரி சாய்த்துப் பாருங்கள். அடுத்த முறை தொட்டி மாற்றும்போது அந்தச் சாய்விலேயே நடலாம். முடிவானதும் முகப்புப் பக்கத்து மண்ணில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். வேலையின் நடுவே தொட்டி திரும்பும், முகப்பு மறந்துபோகும்.

படி 3: மரம் எங்கே முடிகிறது?

அடியில் பருத்து, மேலே போகப் போக மெலிவதுதான் சிறிய செடியைப் பெரிய மரமாகக் காட்டும். நர்சரிச் செடியில் அடிமரம் ஒரே பருமனில் நீளமாகப் போகும். நீங்கள் விரும்பும் உயரத்தில் பாதிக்கு மேலே, அடிமரத்தைவிட மெலிந்த ஒரு பக்கக்கிளையைத் தேடுங்கள். அதுதான் புதிய உச்சி. அதற்குச் சற்று மேலே அடிமரத்தைச் சாய்வாக வெட்டி, அந்தக் கிளையைப் பின்னர் கம்பியால் நிமிர்த்த வேண்டும். பருமன் குறைவதும் திசை மாறுவதும் ஒரே வெட்டில் கிடைத்துவிடும். வெட்டு முகப்பில் தெரியாமல் பின்பக்கம் சரியட்டும்.

ஃபைகஸை வெட்டினால் பால் வடியும். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். தோலில் படாமலும் கண்ணில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சிறு காயங்களை அந்தப் பாலே மூடிவிடும். 1 செ.மீ.க்கு மேற்பட்ட காயத்தில் பால் நின்ற பிறகு பசை தடவுங்கள்; ஈரத்தில் தடவினால் ஒட்டாது.

படி 4: எந்தக் கிளை போக வேண்டும்

வெட்டுவதற்கு முன் சந்தேகமான கிளையை ஒரு துணியால் மூடிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். கிளை இல்லாத மரம் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும்.

ஒரே கணுவிலிருந்து மூன்று நான்கு கிளைகள் கிளம்பியிருந்தால் ஒன்றை மட்டும் வையுங்கள். அழகுக்காக மட்டும் அல்ல: அத்தனை கிளைகளும் அந்த இடத்துக்குச் சத்தை இழுப்பதால் கணு வீங்கி, அடிமரம் கீழே மெலிந்தும் மேலே பருத்தும் போகும். பிறகு அதைத் திருத்துவது மிகக் கடினம். நேரெதிராக இரண்டு கிளைகள் நின்றாலும் அப்படித்தான்; ஒன்று போக வேண்டும். வளைவின் உட்பக்கத்தில் முளைத்த கிளை, நேராக மேலோ கீழோ போகும் கிளை, அடிமரத்தைக் குறுக்கே தாண்டும் கிளை, மரத்தின் கீழ் மூன்றில் இரண்டு பங்கில் முகப்பை நோக்கி நீட்டும் கிளை ஆகியவற்றையும் எடுக்கலாம்.

வைப்பதில் முதலில் பார்க்க வேண்டியது முதல் கிளை. உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில், வளைவின் வெளிப்பக்கத்தில் கிளம்பும் பருத்த கிளை அது. அதற்கு மேல் எதிர்ப்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று மாறி மாறி ஏற வேண்டும். பின்கிளையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது இல்லாத மரம் தட்டையாகத் தெரியும். மேலே போகப் போக கிளைகள் குட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்கட்டும்.

மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்று எடுக்காதீர்கள். எந்தக் கிளையில் சந்தேகம் இருக்கிறதோ அதை விட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டும் வெட்டலாம். வாஷிங்டனில் உள்ள தேசிய போன்சாய் அருங்காட்சியகத்தில், 1625 முதல் வளர்த்துவரப்படும் ஒரு வெள்ளைப் பைன் இருக்கிறது. 1945இல் ஹிரோஷிமா குண்டுவீச்சைத் தாண்டிப் பிழைத்த மரம் அது. 1976இல் ஜப்பான் அமெரிக்காவுக்கு அளித்த மரங்களில் ஒன்று. இன்றும் அதைக் கத்தரித்துச் சீர்செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டிய வேலை இல்லை இது.

படி 5: கம்பி சுற்றுதல்

அதிகம் பழக வேண்டியது இங்கேதான். மரத்தில் கை வைக்கும் முன் வெட்டிய கிளைகளிலேயே சுற்றிப் பழகுங்கள்.

கம்பியின் பருமன், கிளையின் அடிப் பருமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 6 மி.மீ. கிளைக்கு 2 மி.மீ. கம்பி. சந்தேகம் இருந்தால் கம்பி முனையால் கிளையைத் தள்ளிப் பாருங்கள். கிளை அசையாமல் கம்பி வளைந்தால் அடுத்த பருமனுக்குப் போங்கள். நீளம், சுற்ற வேண்டிய தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு.

ஒரே கம்பியை இரண்டு கிளைகளுக்குப் பயன்படுத்துங்கள். நடுப்பகுதி அடிமரத்தை ஒன்றரைச் சுற்றாவது சுற்றிவிட்டு இரு பக்கமும் பிரியட்டும். இந்தப் பிடிமானம் இல்லாவிட்டால் ஒரு கிளையை வளைக்கும்போது மற்றது ஆடும், எதுவும் நிற்காது.

சுற்று 45 டிகிரி சாய்வில், சீரான இடைவெளியில் போக வேண்டும். நெருக்கிச் சுற்றினாலும் அகலமாகச் சுற்றினாலும் பிடிப்பு இருக்காது. கம்பி பட்டையைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. ஒரு கை சுற்றிய பகுதியை அசையாமல் பிடித்திருக்க, மறு கைதான் கம்பியைச் சுற்ற வேண்டும். கிளையைத் திருகித் திருகிச் சுற்றினால் பட்டை உரியும். இலைக் காம்புகள் கம்பிக்கடியில் மாட்டாமல் பாருங்கள்.

வளைவின் வெளிப்பக்கத்தில் கம்பி இருப்பது முக்கியம். கிளையைக் கீழே இறக்கப் போகிறீர்கள் என்றால், கவையை ஒட்டிய முதல் சுற்று கிளையின் மேல்பக்கமாக வர வேண்டும். வளைக்கும்போது இழுபட்டுப் பிளப்பது அந்தப் பக்கம்தான்.

பருத்ததிலிருந்து மெல்லியதற்கு, கீழிருந்து மேலுக்கு என்பதே வரிசை. ஒரு கம்பியின் பலம் போதாவிட்டால் இன்னொன்றைப் பக்கத்திலேயே ஒட்டிச் சுற்றுங்கள். கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே தாண்டக் கூடாது. தாண்டும் இடத்தில்தான் முதலில் பட்டைக்குள் பதியும்.

படி 6: வளைத்தல்

இரண்டு கட்டைவிரல்களும் வளைவின் உட்பக்கம், மற்ற விரல்கள் வெளிப்பக்கம் தாங்கியபடி. கொஞ்சம் வளைத்து, நிறுத்தி, மறுபடி கொஞ்சம். மெல்லிய ‘டிக்’ சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். சிறு விரிசல் என்றால் கிளையைச் சற்றுத் தளர்த்தி, பிளந்த இடத்தைச் சேர்த்து, பசை தடவிக் கட்டிவிடலாம். ஒரு பக்கப் பட்டை தொடர்ச்சியாக இருக்கும்வரை பிழைக்க வாய்ப்பு உண்டு. சரிசெய்வதாக நினைத்து வளைத்து நிமிர்த்தி வளைத்தால் கிளை போய்விடும்.

விரல் பருமனுள்ள கிளைக்கு இந்த முறை போதாது. நனைத்த ரஃபியா (ஒருவகைப் பனை) நாரை இறுக்கமாகச் சுற்றி அதன் மேல் கம்பி சுற்ற வேண்டும். அல்லது கிளையில் ரப்பர் துண்டு வைத்து, மெல்லிய கம்பியால் தொட்டியோடு இழுத்துக் கட்டலாம். தொடக்கத்தில் இரண்டாவது வழியே பத்திரம்.

கீழ்க்கிளைகள் கிடைமட்டத்துக்குச் சற்றுக் கீழே இறங்கட்டும்; நடுவில் உள்ளவை கிடைமட்டமாக; உச்சியில் மட்டும் மேல்நோக்கி. எல்லாக் கிளைகளின் நுனியும் லேசாக மேலே திரும்ப வேண்டும். தரையைப் பார்க்கும் நுனி வளர்ச்சி இழந்துவிடும். கடைசியாகக் கிளைகளின் அடிப்பக்கம் தொங்கும் தளிர்களை எடுத்துவிட்டால் கிளைகளுக்கிடையே வெளி தெரியும்.

பிறகு

இரண்டு, மூன்று வாரம் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். இலை குறைந்துவிட்டதால் செடி முன்புபோலத் தண்ணீர் குடிக்காது. மேல்மண் காயத் தொடங்கிய பிறகே ஊற்றுங்கள். புதுத் துளிர் வரும்வரை உரம் வேண்டாம்.

மூன்றாவது வாரத்திலிருந்து கம்பியைக் கவனியுங்கள். ஃபைகஸ் வேகமாகப் பருக்கும். 6 முதல் 8 வாரங்களில், சில சமயம் அதற்கும் முன்பே கம்பி பதியத் தொடங்கும். பட்டை கம்பியின் இருபுறமும் புடைத்தால் அன்றே எடுத்துவிடுங்கள். சுற்றை அவிழ்க்காமல் ஒவ்வொரு சுற்றிலும் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். அவிழ்க்கும்போதுதான் தளிர்கள் ஒடிகின்றன. கிளை பழைய நிலைக்குத் திரும்பினால் சில வாரம் விட்டு, தழும்பு இல்லாத இடத்தில் மறுபடி சுற்றலாம்.

துளிர்கள் 6, 8 இலை விட்டதும் 2 இலைக்கு வெட்டுங்கள். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெட்டக் கூடாது. மரத்தின் பலம் எப்போதும் உச்சிக்கே ஓடும். உச்சியை உடனுக்குடன் கத்தரித்து, முதல் கிளையை மட்டும் பருக்கும்வரை நீளமாக ஓடவிடுங்கள். தொட்டி மாற்றுவது அடுத்த வளர்ச்சிப் பருவத்தில், மரம் மறுபடி தழைத்து நிற்கும்போது. படி 2-இல் பார்த்து வைத்த சாய்வை அப்போது கொடுக்கலாம். முகப்புக் குச்சியை அதுவரை பிடுங்காதீர்கள்.