“வீட்டுக்குப் போவம்” என்று அம்மம்மா சொன்னால்

மறதிநோய் உள்ள முதியவர் பொழுதுபடும் நேரத்தில் “வீட்டுக்குப் போவம்” என்று படலையை நோக்கி நடந்தால், “இதுதானே அம்மம்மா வீடு” என்று வாதிடாதீர்கள். இந்நோயில் அண்மைய நினைவுகள் முதலில் அழிந்து பழையவை நெடுநாள் தங்குவதால், 2008, 2009ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்து பின்னர் புதிய கல்வீட்டில் குடியேறிய எங்கள் வன்னி மூத்தவர்களின் மனத்தில் நிற்பது பழைய மண்வீடாகவே இருக்கலாம். “அங்கே முற்றத்தில் என்ன மரம் நின்றது?” என்று கேட்டு, கையைப் பிடித்து வளவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தேநீர் கொடுத்து இருத்துங்கள், பதற்றம் பெரும்பாலும் தணியும். படலையில் ஒரு மணியைக் கட்டிவையுங்கள். கட்டில்லாத கிணற்றைச் சுற்றி உடனே வேலி அடையுங்கள். இதை மட்டும் நாளைக்கென்று தள்ளிப்போட வேண்டாம்.

தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தரும் என்பதாலும், அவற்றுக்கு மருத்துவம் உண்டு என்பதாலும், “வயது போனால் இப்படித்தான்” என்று விட்டுவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்வியுங்கள். ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் மிகுந்தால் அது சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கக்கூடும். அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இரவெல்லாம் விழித்திருந்து பராமரிக்கும் மகள் வாரத்தில் ஒரு பகலாவது நிம்மதியாக உறங்குவதற்கு, அயலவர்கள் முறைவைத்து அம்மம்மாவுடன் இருந்துகொடுங்கள்.