வால்பரைசோவில் ஒரு பகல்: கப்பல் பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிலி நாட்டு வால்பரைசோவில் கப்பல் நிற்கும் நாளில் ஊரைப் பார்க்கக் கிடைப்பது எட்டு, ஒன்பது மணி நேரம்தான். அதில் பாதியைப் பலர் சாலையிலேயே தொலைக்கிறார்கள். இவ்வளவு தூரம் வந்தாச்சு, தலைநகர் சாந்தியாகோவையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிடுவதுதான் காரணம். அது ஏறக்குறைய 120 கிலோமீட்டர். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, நெரிசல் தனி. 2003-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஊரைக் காலடியில் விட்டுவிட்டு அப்படி ஓடுவது பெரிய நஷ்டம் என்பேன். ஆனால் உங்கள் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கும் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சில கப்பல்கள் தெற்கே சான் அந்தோனியோ துறைமுகத்துக்குப் போகும். அங்கிருந்து வால்பரைசோவுக்கு வருவதே ஒரு பயணம்.

இறங்குமுன் கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள். காலை உணவின்போது எடுத்துவைத்த ஒரே ஒரு ஆப்பிளுக்கு அபராதம் கட்ட நேரலாம். பழ ஏற்றுமதியை நம்பியிருக்கும் நாடு. வெளியூர்ப் பழ ஈ உள்ளே வந்துவிடக் கூடாது என்று மோப்ப நாய் வைத்துப் பார்க்கிறார்கள். விதை, தேன், ஊறுகாய் என்று எது இருந்தாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். சொல்லிவிட்டால் பெரும்பாலும் பொருளோடு போகும், மறைத்தால்தான் வம்பு.

ஊருக்குள் நடக்கும் பெரிய தவறு, வரைபடத்தை நம்பி நடப்பது. வரைபடத்தில் அரை கிலோமீட்டர் என்று காட்டும் இடம், நேரில் நூற்றுக்கணக்கான படிகளாக நிற்கும். கடலோரம் ஒடுங்கலான ஒரு சமவெளி, அதன் முதுகில் நாற்பதுக்கும் மேற்பட்ட குன்றுகள், இதுதான் வால்பரைசோ. கீழிருந்து நடந்தே ஏறியவர்கள் பதினொரு மணிக்கே களைத்து உட்கார்ந்துவிடுவார்கள். ஏற அசென்சோர், இறங்கக் கால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அசென்சோர் என்பது சரிவில் தண்டவாளத்தின் மேல் ஏறும் பெட்டி. இரண்டு பெட்டிகள் ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளில் இருக்கும். ஒன்று இறங்க இறங்க மற்றது ஏறும். கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டியதுபோல. சில்லறை கொடுத்து உள்ளே நுழைந்தால் மரப்பலகை கிறீச்சிடும், ஜன்னலுக்கு வெளியே தகரச் சுவர்கள் கீழே நழுவும், மூச்சு வாங்குவதற்குள் மேலே வந்திருப்பீர்கள். முதலாவதான கொன்செப்சியோன் 1883-இல் ஓடத் தொடங்கியது. இவற்றில் சில பழுதுபார்ப்புக்காக நீண்ட காலம் மூடிக் கிடக்கும் என்பதால், ஏதாவது ஒன்றையே நம்பித் திட்டம் போடாதீர்கள்.

என் வழி இதுதான்: சோத்தோமயோர் சதுக்கத்தின் பக்கத்தில் எல் பெரால் பெட்டியில் ஏறுங்கள். செர்ரோ அலெக்ரே, செர்ரோ கொன்செப்சியோன் குன்றுகளின் சந்துகளில் சுவரோவியங்களைப் பார்த்தபடி இறங்குமுகமாக நடங்கள். கவிஞர் நெரூதாவின் லா செபஸ்தியானா வீடு வேறொரு குன்றில், தள்ளி இருக்கிறது. கால்நடையாக முயலாமல் பேருந்திலோ டாக்சியிலோ போங்கள். திங்கட்கிழமை அது திறக்காது. இது தெரியாமல் பூட்டிய கதவின் முன் நிற்பவர்கள் ஏராளம்.

உணவு விடுதியில் விலைப்பட்டியலைக் கண்டு பதறாதீர்கள். டாலர் குறிதான் போட்டிருக்கும், ஆனால் அது சிலி பெசோ. 5.000 என்பது ஐந்து அல்ல, ஐயாயிரம் பெசோ. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ‘எம்பனாதா தே பினோ’வைத் தவிர்க்க வேண்டும். சோமாசி போன்ற அந்தப் பண்டத்துக்குள் பெரும்பாலும் கொத்திய மாட்டிறைச்சி, வெங்காயம், முட்டை, கொட்டையோடு ஒரு ஆலிவ் இருக்கும். ‘சின் கார்னே’, அதாவது இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் கோழியோ ஹாம் என்னும் பன்றியிறைச்சியோ வந்து சேரலாம். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுத்துவிடுங்கள். சீஸ் எம்பனாதா, ‘தே கேசோ’, கவலையில்லாதது.

கைப்பேசியைக் கையில் ஏந்தியபடி நடக்க வேண்டாம். உள்ளூர்க்காரர் யாராவது உங்கள் கேமராவைச் சுட்டிக்காட்டித் தலையசைத்தால், அது அக்கறை. அந்தத் தெருவை விட்டுத் திரும்பிவிடுங்கள்.

கடைசியாக நேரம். கரையில் கைப்பேசி தானாகச் சிலி நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் தன் நேரத்தையே வைத்திருக்கலாம். பெருவிலிருந்து வருகிறவர்களுக்குச் சிலியின் கோடையில் (டிசம்பர், ஜனவரி வாக்கில்) இரண்டு மணி நேர வித்தியாசம். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வைத்திருங்கள். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போனவர்களுக்காகப் பொதுவாகக் காத்திருப்பார்கள், தனியே போனவர்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே கடைசி ஒரு மணி நேரத்தை கொன்செப்சியோன் பெட்டியின் மேல்முனையில், ஹெர்வசோனி நடைபாதையில் கழியுங்கள். அங்கிருந்து துறைமுகம் கண்ணெதிரே விரியும்.