சூடு மட்டும் போதாது: வெப்பக் காற்று பலூனில் நாம் விடும் பிழைகள்

விஞ்ஞானக் கண்காட்சிக்குக் கடதாசி பலூன் செய்யும் பிள்ளைகள் விளக்கப் பலகையில் வழக்கமாக எழுதுவது: "சூடான காற்று மேலே போகும், அதனால் பலூனும் போகும்." முழுப் பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் அரைகுறை. சூடான காற்றுக்கும் நிறை உண்டு. சுற்றியிருக்கும் குளிர்ந்த, அடர்த்தி கூடிய காற்றின் மேலுதைப்புத்தான் பலூனைத் தூக்குகிறது. பத்தாம் வகுப்புக்குள் எல்லோரும் படிக்கிற அதே ஆக்கிமிடிசு தத்துவம்தான். ஆகவே பார்க்க வேண்டியது உள்ளே உள்ள சூட்டை மட்டுமல்ல, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை.

குழப்பம் பழையதுதான். 1783இல் பிரான்சில் பலூன் விட்ட மொங்கோல்பியர் சகோதரர்களே, புகைதான் தூக்குகிறது என்று நம்பி வைக்கோலையும் கம்பளியையும் எரித்தார்கள். இன்றைக்கு அதற்குப் பதிலாக, பலூனுக்குள் எரிவாயு அடைத்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அடுப்பில் எரியும் அந்த எரிவாயு, அதாவது புரொப்பேன், காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். அதை எரிக்கலாமே தவிர, அதை நிரப்பி மிதக்க முடியாது.

அடுத்தது நம்ம ஊருக்கே உரிய பிழை. "நுவரெலியாவில் குளிர், பலூன் நன்றாக ஏறும்" என்பார் ஒருவர். "அவ்வளவு உயரத்தில் காற்று ஐதானது, ஏறாது" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் பாதி சரி. அங்கே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீட்டர் உயரத்தில், காற்றமுக்கம் கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். உள்ளே 100 பாகை செல்சியஸ் என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். கொழும்பில் 30 பாகை வெயிலில் ஒரு கனமீட்டர் சூடான காற்று சுமார் 220 கிராம் தூக்கும். நுவரெலியாவில் 10 பாகைக் காலையில் 240 கிராம். அதே இடத்தில் பகல் 20 பாகைக்கு வந்தால் 205 கிராம்தான். உயரம் பறித்ததைக் குளிர் திருப்பித் தருகிறது, ஆனால் வெயில் ஏறும் வரைக்கும்தான்.

கடதாசி பலூனில் இது அப்படியே தெரியும். சதுரமீட்டருக்கு 20 கிராம் உள்ள டிஷூக் கடதாசியில் 1 மீட்டர் விட்டமுள்ள கோளம் செய்தால் கடதாசி மட்டும் 63 கிராம். உள்ளே 60 பாகை இருந்தால், அந்தக் குளிர் காலையில் 78 கிராம் வரை தூக்கும். பகலில் 60 கிராம்தான், எழும்பாது. பசையை வாரிப் பூசினால் காலையிலும் எழும்பாது! கையடக்கமாக 30 சென்டிமீட்டரில் செய்பவர்களுக்கு எந்த நேரமும் சரிவராது: 6 கிராம் கடதாசிக்கு 2 கிராம் தூக்கல்தான் கிடைக்கும். விட்டம் இரட்டித்தால் கடதாசி நான்கு மடங்கு, கனவளவு எட்டு மடங்கு. அதனால் பெரிதாகச் செய்யுங்கள்.

காற்று தப்பிவிடும் என்று கீழ் வாயை ஒட்டிவிடுவதும் வீண். காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறுவதால்தானே உள்ளே அடர்த்தி குறைகிறது. 10இலிருந்து 100 பாகைக்குப் போகும்போது ஏறக்குறைய கால்வாசிக் காற்று வெளியே போகிறது.

மெழுகுதிரி கட்டி ஆகாயத்தில் விடுவதை மட்டும் செய்யவே வேண்டாம். காய்ந்த புல்மலையிலோ பைனஸ் காட்டிலோ விழுந்தால் தீ எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஹெயார் ட்ரையரால் சூடாக்கி, நூல் கட்டிப் பிடித்து, காற்று அசையாத விடியற்காலையில் விட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, பெரிய பலூனை விமானம் போலத் திருப்பலாம் என்ற எண்ணம். ஓட்டுநரால் ஏறவும் இறங்கவும்தான் முடியும். திசை, அந்தந்த உயரத்தில் வீசும் காற்றின் கையில். பள்ளத்தாக்கும் முகடும் காற்றைக் கண்டபடி திருப்பும் ஹப்புத்தளைப் பக்கத்தில் இறங்கத் தட்டையான இடம் தேடுவதே பெரும்பாடு. சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் பலூன்கள் தம்புள்ளை, கண்டலமச் சமவெளியில் பறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.