பல்லைக் கடைசியில் வரையுங்கள்: க்ருல் டெபெஸ் முகம், பென்சிலில்

ரத்தக் காட்டேரி வரையச் சொன்னால், புதிதாகக் கையில் பென்சில் பிடிப்பவர்கள் முதலில் போடுவது இரண்டு கோரைப்பல். அடுத்தது வாயோரம் வழியும் ரத்தம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சிவப்புப் பென்சிலை அழுத்தித் தேய்த்து, தாடை வரை ஒழுகவிட்டு, பெருமையாக அக்கா மகளிடம் நீட்டினேன். ஏழு வயது அவளுக்கு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சித்தி, இவங்க வெத்தலை போட்டிருக்காங்களா?” என்று கேட்டாள்.

அன்றோடு ரத்தத்தை விட்டுவிட்டேன். இந்த விளக்கத்திலும் ஒரு சொட்டு கிடையாது. அது இல்லாமலே பயம் காட்ட முடியும். அதற்குப் பொருத்தமான ஆள், ‘ஓவாரி நோ செராஃப்’ தொடரின் வாம்பயர் ராணி க்ருல் டெபெஸ்.

தொடரைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: தகாயா ககாமி எழுதி யமாதோ யமாமோதோ வரைந்த மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை இது. 2012-ல் ‘ஜம்ப் ஸ்கொயர்’ இதழில் தொடங்கியது. விட் ஸ்டூடியோ 2015-ல் அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் ஆக்கியது. ஏப்ரலில் 12, அக்டோபரில் 12 என மொத்தம் 24 எபிசோடு. கதையில் ஒரு வைரஸ் 13 வயதுக்கு மேற்பட்ட மனிதர்களைக் கொன்றுபோடுகிறது. மண்ணுக்கு அடியிலிருந்து வாம்பயர்கள் மேலே வந்து, மிஞ்சிய பிள்ளைகளைத் தங்கள் நகரத்துக்குக் கொண்டுபோய் ரத்தத்துக்காக வளர்க்கிறார்கள். கறவை மாடு மாதிரி. ஜப்பானில் இருக்கும் அந்த வாம்பயர்களுக்கு ராணிதான் க்ருல். பார்வைக்குச் சின்னப் பெண். ஆனால் வாம்பயர் வரிசையில் மூன்றாம் மூதாதை, அதாவது மேலிருந்து மூன்றாம் படிநிலை.

பெயரையும் கவனியுங்கள். டெபெஸ் என்பது 15-ம் நூற்றாண்டில் வலாக்கியாவை (இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதி) ஆண்ட மூன்றாம் விளாடுக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். ருமேனிய மொழியில் அதற்குக் கழுவேற்றுபவன் என்று அர்த்தம். அப்படிப்பட்ட பெயரை ஒரு குட்டிப் பெண்ணுக்கு வைத்திருக்கிறார்கள். ராணிக்குக் குரல் கொடுத்த அவோய் யூகி 2010-ல் வந்த இன்னொரு தொடரிலும் வாம்பயர் ராணிதான். அங்கே பெயர் மீனா டெபெஸ்!

க்ருல் உண்மையிலேயே வில்லியா என்று ரசிகர்கள் சண்டை போடுவார்கள். ஆரம்ப எபிசோடுகளில் சந்தேகமே வராது. போகப்போகச் சிக்கலாகும். கதையை உடைக்காமல் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நாம் வரையப்போவது அந்த ஆரம்பக் க்ருலை.

என்னென்ன வேண்டும்

ஏ4 தாள், கொஞ்சம் தடிமனாக இருந்தால் நல்லது. எச்பி பென்சில் ஒன்று, 2பி ஒன்று. ரப்பர், அடிக்குச்சி, கறுப்பு ஜெல் பேனா. 12 கலர் பென்சில் உள்ள சாதாரணப் பெட்டி போதும். அதில் ரோஸ், ஊதா, சிவப்பு, ஆரஞ்சு, கருநீலம், கறுப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஜெல் பேனா கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை.

படி 1: தலை

எச்பியில், தாளில் பட்டும் படாமலும், 8 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டம் போடுங்கள். டம்ளரைக் கவிழ்த்துப் போட்டாலும் சரி. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. அந்தக் கோட்டை வட்டத்துக்குக் கீழே 2.5 செ.மீ. நீட்டினால் அங்கேதான் தாடை நுனி. வட்டத்தின் இரு பக்கமும் கன்னத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு வளைவாக இறங்குங்கள். கன்னம் கொஞ்சம் உருண்டு, தாடை கூராக முடியட்டும்.

இப்போது தலையின் உயரம் 10.5 செ.மீ. உண்மையான முகத்தில் கண்கள் இந்த உயரத்தின் சரிபாதியில் இருக்கும். அனிமேயில் இன்னும் சற்றுக் கீழே. உச்சியிலிருந்து 6 செ.மீ. இறங்கிக் குறுக்குக் கோடு போடுங்கள். அதுதான் கண் கோடு. நெற்றி அகலமாகத் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம், முடி வந்து மூடிவிடும்.

படி 2: கண்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். மொத்தம் ஒரு மணி நேரம் வரைந்தால் அரை மணி நேரம் கண்ணுக்கே போகட்டும்.

ஒரு விஷயம் முதலில். அந்தக் கதையில் வாம்பயர் ஆனவர்களுக்கு மனித ஆசைகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்துபோகும்; மிஞ்சுவது ரத்தத் தாகம் மட்டும். அப்படிப்பட்ட ராணி நம்மைப் பார்த்துக் கோபப்பட மாட்டாள். எறும்பைப் பார்த்து யாராவது கோபப்படுவார்களா? சலிப்புதான் இருக்கும். புருவத்தை நெரித்து, கண்ணை உருட்டி வரைந்தால் கோபக்கார வார்டன் மாதிரி ஆகிவிடும். நமக்கு வேண்டியது பாதி மூடிய கண்.

கண் கோட்டின் மேல் ஒவ்வொரு கண்ணுக்கும் 2.2 செ.மீ. அளந்து குறியுங்கள். நடுவில் 1.8 செ.மீ. இடைவெளி. மேல் இமையை வில்லாக வளைக்கக் கூடாது. ஏறக்குறையத் தட்டையாக வந்து வெளிமுனையில் மட்டும் லேசாக மேலே ஏறட்டும். இதுதான் அந்த அலட்சியப் பார்வையின் முக்கால் பங்கு.

கருவிழியை முழு வட்டமாக மெல்லிசாகப் போட்டு, மேலே மூன்றில் ஒரு பங்கை இமை மறைப்பதுபோல அழித்துவிடுங்கள். கீழ் இமையை ஒட்டக் கூடாது. கருவிழிக்கு அடியில் ஒரு மயிரிழை வெள்ளை தெரிய வேண்டும். கருவிழியின் இடம், வலம், அடி என மூன்று பக்கமும் வெள்ளை தெரிகிற இந்தக் கண்ணுக்கு ஜப்பானில் சன்பாக்கு என்று தனிப் பெயரே உண்டு. மாங்காவில் ஆபத்தான ஆள் என்று காட்ட இதை நிறையப் பயன்படுத்துவார்கள். ஒரு மில்லிமீட்டர் போதும். அதிகமானால் பேயறைந்த முழி வந்துவிடும். நடுவில் கண்பாப்பாவைப் பூனைக் கண் மாதிரி நெடுக்காகக் கீறுங்கள்.

புருவம் மெல்லிசாக, கிட்டத்தட்ட நேராக இருக்கட்டும். அதற்கு ஒரு உணர்ச்சியும் கொடுக்காதீர்கள்.

படி 3: மூக்கு, வாய், அப்புறம் அந்தப் பல்

மூக்குக்கு உச்சியிலிருந்து 8 செ.மீ. தாண்டி ஒரு சின்னப் புள்ளி. அவ்வளவுதான்.

அதற்கு ஒரு செ.மீ. கீழே வாய். 1.5 செ.மீ. நீளமுள்ள ஒரே கோடு. ஒரு முனை மட்டும் நூலளவு மேலே. இரண்டு முனையும் ஏறினால் சிரிப்பு, ஒன்று ஏறினால் ஏளனம்.

இப்போது பல்லுக்கு வரலாம். கண்ணாடி முன்னால் நின்று ஈ என்று காட்டி, நடுவிலிருந்து எண்ணிப் பாருங்கள். கோரைப்பல் மூன்றாவது. புதியவர்கள் அதை நடுவுக்குப் பக்கத்திலேயே நட்டுவிடுவதால்தான் வாம்பயர் முயலாகிவிடுகிறது. வாய்க்கோட்டின் ஏறிய முனைக்குப் பக்கத்தில், கோட்டுக்குக் கீழே எட்டிப் பார்க்கிற மாதிரி 2 மி.மீ. முக்கோணம் ஒன்று மட்டும் போடுங்கள். மூடிய வாயில் ஒற்றைப் பல் நுனி தெரிந்தால், பார்க்கிறவருக்கு அது தானாகக் கண்ணில் பட வேண்டும். நாம் காட்டியதாக இருக்கக் கூடாது. அதனால்தான் முகத்தில் அதைக் கடைசியாக வரையச் சொல்கிறேன். சில நாள் முகத்தை முடித்துவிட்டுப் பார்த்தால் பல்லே தேவைப்படாது.

படி 4: காது, முடி, தலையணி

காது கண் கோட்டில் தொடங்கி மூக்குப் புள்ளி உயரத்தில் முடியும். மேல் நுனியைப் பக்கவாட்டில் கூராக இழுங்கள். இந்தத் தொடரின் வாம்பயர்கள் எல்லோருக்கும் கூர்காதுதான்.

முடியைத் தனித்தனி இழையாக வரையவே வேண்டாம். வாழை இலையை நீளவாக்கில் கிழித்துத் தொங்கவிட்ட மாதிரி, அடியில் கூராகிற ஏழெட்டுக் கொத்துகளாக யோசியுங்கள். மண்டை வட்டத்துக்கு மேலே ஒரு செ.மீ. உயர்த்தித் தொடங்கினால் முடிக்கு அடர்த்தி வரும்; வட்டத்தோடு ஒட்டினால் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. முன்முடி கண்ணிமை வரை இறங்கட்டும். மீதி தோளைத் தாண்டித் தாளின் விளிம்பு வரை போகலாம், க்ருலுக்கு முடி அவ்வளவு நீளம். தலையின் இரு பக்கமும், வௌவால் இறக்கையை மடித்துச் செருகியதுபோல ஒரு கறுப்பு அணி உண்டு. இரண்டு கூரான முக்கோணத்தில் தொடங்கி, உள்பக்கம் வளைத்துவிட்டால் சரியாக வரும்.

மையிடும் முன் ஒரு சோதனை. தாளைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். இதுவரை கண்ணுக்குத் தப்பிய கோணல் எல்லாம் அப்போது தெரியும். எனக்கு எப்போதுமே இடது கண் ஒரு நூல் கீழே இறங்கியிருக்கும். எத்தனை தடவை அழித்தாலும் ஒத்து வரவில்லை என்றால், ஒரு கொத்து முடியை அந்தக் கண்ணின் பாதி மேல் விழவிடுங்கள். பெரிய கலைஞர்களும் செய்கிற திருட்டுத்தனம்தான் இது.

படி 5: மை

ஜெல் பேனாவால் பென்சில் கோட்டின் மேல் போங்கள். எல்லாக் கோடும் ஒரே தடிமனில் இருந்தால் வண்ணம் தீட்டும் புத்தகம் மாதிரி ஆகிவிடும். மேல் இமையை இரண்டு மூன்று முறை போட்டுத் தடிப்பாக்குங்கள். கீழ் இமை மெல்லிசு. மூக்குப் புள்ளி அதைவிட மெல்லிசு. கைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடமாவது காயவிட்டு அப்புறம் ரப்பர் போடுங்கள். நான் பொறுக்காமல் போட்டு, க்ருலுக்கு மீசை வந்த நாளும் உண்டு.

படி 6: நிறம்

தோலுக்கு நிறமே வேண்டாம், தாளின் வெள்ளையே தோல். முன்முடியின் நிழல் நெற்றியில் விழும் இடத்திலும், தாடைக்கு அடியிலும், காதின் உள்ளேயும் மட்டும் ஊதாவை மிக மெல்லிசாகத் தேய்த்துவிடுங்கள். நிழலுக்குப் பழுப்பு போட்டால் உயிருள்ள தோலாகிவிடும். ஊதா போட்டால் அந்த உடம்பில் சூடு இல்லை என்று தெரியும்.

முடிக்கு முதலில் ரோஸ் ஒரு சுற்று. கொத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடங்களில் ஊதா. உச்சியில் வளையமாக ஒரு பட்டையை வெள்ளையாகவே விட்டால் அதுவே பளபளப்பு. தலையணிக்கும் உடைக்கும் நேராகக் கறுப்பை அழுத்தாமல், கருநீலம் தேய்த்து அதன் மேல் கறுப்பு போடுங்கள்.

கருவிழி கடைசி. இமைக்கு அடியில் கறுப்பு, நடுவில் சிவப்பு, அடிப்பக்கம் ஆரஞ்சு. இந்தத் தொடரில் சிவப்புக் கண் வெறும் அலங்காரம் இல்லை. க்ருல் தன் ரத்தத்தைக் கொடுத்து வாம்பயராக்கிய மிக்கா என்ற பையனின் கண்கள், அவளுடைய ரத்தத்தை மட்டும் குடித்துக்கொண்டிருக்கும் வரை நீலமாகவே இருக்கும். மனித ரத்தத்தைக் குடித்த பிறகுதான் சிவக்கும். ஆக, படத்தில் ரத்தம் காட்ட ஒரே இடம் கண்தான். அதைத்தான் சிவக்க வைக்கிறோம்.

வெள்ளைப் பேனாவால் கருவிழியின் மேல் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வையுங்கள். நாயகிகளுக்கு வைப்பதுபோல மூன்று நான்கு பெரிய மினுக்கு வைத்தால் அழப்போகிற பிள்ளை ஆகிவிடுவாள். வெள்ளைப் பேனா இல்லாதவர்கள் அந்தப் புள்ளியை முன்கூட்டியே நிறம் படாமல் விட்டுவைக்க வேண்டும்.

முடிந்ததும் படம் எடுத்துப் போடுவீர்கள், தெரியும். பகலில் ஜன்னலோரம் வைத்து எடுங்கள். ராத்திரி மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்தால், அவ்வளவு பாடுபட்டு ரத்தமில்லாமல் ஆக்கிய முகத்துக்கு மஞ்சள் காமாலை வந்துவிடும்.