வளவில் ஆமை வளர்க்கலாம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

முதலில் காகித வேலை. நட்சத்திர ஆமையை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருந்தாலே வழக்கு. இங்கே சொல்வதெல்லாம் ஆப்பிரிக்க சல்கேட்டா ஆமைக்கு. அதையும் 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குட்டி உள்ளங்கையில் அடங்கும். வளர்ந்தால் 40 கிலோவைத் தாண்டலாம், உங்களுக்குப் பிறகும் உயிரோடு இருக்கலாம். அப்போது யார் பார்த்துக்கொள்வது என்பதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

1. இடம்

நடுவில் திறந்த முற்றம் உள்ள காரைக்குடிப் பக்கத்து வளவு வீடு என்றால் பாதி வேலை முடிந்தது. ஆனால் ஆத்தங்குடிக் கல் தரையில் விடாதீர்கள். நகம் பிடிக்காமல் கால் நாலு பக்கமும் வழுக்கும். முற்றத்து மூலையில் பலகை அடைத்து, செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்து அரை அடிக்குப் பரப்புங்கள். கம்பி வலை வேண்டாம். வெளியே தெரிந்தால் நாள் முழுக்க முட்டிக்கொண்டே இருக்கும்.

2. வெயில்

ஓடு கெட்டியாகக் கால்சியம் வேண்டும். அது உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும். அதைத் தோலில் உண்டாக்குவது வெயிலிலுள்ள யுவிபி என்ற புற ஊதாக் கதிர். கண்ணாடி ஜன்னல் இந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால் நேர் வெயில்தான் வேண்டும். காலை வெயில் போதும். பாதி இடத்தில் எப்போதும் நிழல் இருக்கட்டும். சித்திரை வெயிலில் மல்லாந்துவிட்டால் பிழைப்பது கஷ்டம்.

ஐப்பசி, கார்த்திகையில் நாலு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில்தான் கொட்டும். இந்த ஆமைக்கு நீச்சல் தெரியாது. உள்ளே தூக்கிவைத்து, யுவிபி விளக்கைத் தினம் 10 முதல் 12 மணி நேரம் எரியவிடுங்கள். விளக்கு எரிந்தாலும் நாளடைவில் கதிர் குறைந்துவிடும், வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள்.

3. தீனி

பலரும் சறுக்குவது இங்கேதான். ஆச்சி பாசமாக வைக்கும் தயிர்சாதமும் இட்லியும் வேண்டவே வேண்டாம். சகாரா ஓரத்துப் புல்வெளியில் மேய்ந்து வாழும் பிராணி இது. தீனியில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாக இருக்கவேண்டும்: அருகம்புல், காய்ந்த புல். மீதிக்கு முருங்கைக்கீரை, செம்பருத்தி இலையும் பூவும், முள் சீவிய சப்பாத்திக்கள்ளி. பாலக்கும் தண்டுக்கீரையும் எப்போதாவது போதும். அவற்றிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பழம், முட்டை, நாய் பிஸ்கட் கூடாது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு கொடுப்பார்கள். ஒரு துண்டைப் போட்டுவைத்தால் தேவைப்படும்போது கடித்துக்கொள்ளும்.

4. தண்ணீர், சுத்தம்

குட்டியைத் தினமும் 15 நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் விடுங்கள். ஆழம் தாடைக்குக் கீழே நிற்கவேண்டும். பெரும்பாலும் அதிலேயே கழிந்துவிடும், அப்புறம் உங்களுக்குக் கூட்டுகிற வேலை குறைவு. சிறுநீரோடு வெள்ளையாக ஏதோ வந்தால் பயப்படாதீர்கள். அது மணல்போல் இறுகி வந்தால்தான் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

சாணத்தை அன்றன்றே அள்ளுங்கள். பினாயில் வேண்டாம், தீனித் தட்டை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்தால் போதும், ஆனால் சமையலறைத் தொட்டியில் அல்ல. ஆமையிடம் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டவர்கள், முக்கியமாகப் பிள்ளைகள், சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும்.

மூக்கில் நுரை, வீங்கிய கண், அமுக்கினால் நெகிழும் ஓடு, இரண்டு மூன்று நாள் தீனி எடுக்காமல் இருப்பது: இதில் எது தெரிந்தாலும் ஊர்வன பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.