காப்பகத்து நாயை வீட்டில் பழக்குவது எப்படி? துடைப்பத்திலிருந்து தொடங்குங்கள்

காப்பகத்திலிருந்து தத்தெடுத்த பொன்னி எங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, கைதவறி விழுந்த சாவியை எடுக்க நான் குனிந்தேன். அவ்வளவுதான். வாலைக் கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கினாள். மதியம் வரை வெளியே வரவில்லை. நான் அவளைத் திட்டவில்லை, தொடக்கூட இல்லை.

தெருவில் வளர்ந்த நாய்க்கு மனிதர் குனிந்தால் கல் வரப்போகிறது என்று பொருள். துடைப்பம் என்றால் அடி. ‘ச்சூ’ என்றால் ஓடு. நாம் தத்தெடுக்கும் நாய் ஒன்றும் தெரியாமல் வருவதில்லை, இதையெல்லாம் நன்றாகப் படித்துவிட்டுத்தான் வருகிறது. அதனால் ‘உட்காரு’, ‘கை கொடு’ எல்லாம் பிறகு. பயத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

நாய் வருவதற்கு முன்

ஆட்கள் அதிகம் நடமாடாத ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். எங்களுக்கு மாடிப்படியின் கீழ் இருந்த இடம். பழைய போர்வை ஒன்று, தண்ணீர்க் கிண்ணம் ஒன்று போதும். அந்த மூலையில் நாய் இருக்கும்போது யாரும் போய்த் தொடக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும், முக்கியமாகக் குழந்தைகளிடம், சொல்லிவிடுங்கள்.

கழுத்து பெல்ட் மட்டும் போதாது. பயந்த நாய் பின்பக்கமாக இழுத்தால் பெல்ட் தலைவழியே கழன்றுவிடும். மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னெஸ் வாங்குங்கள். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் தளர்வு வேண்டாம். பெல்ட்டில் உங்கள் கைபேசி எண்ணை அழியாத மையால் எழுதிவிட்டு, அதன் பிறகு நாயை அழைத்துவரக் கிளம்புங்கள். இரும்புச் சங்கிலி வேண்டாம்.

காப்பகத்தில் கேட்க வேண்டியவை: தடுப்பூசி அட்டை, குடற்புழு மருந்து கடைசியாகக் கொடுத்த தேதி, கருத்தடை ஆயிற்றா என்பது, அப்புறம் அங்கே என்ன சாப்பிட்டது என்பது. முதல் ஒரு வாரம் அதே சாப்பாட்டைக் கொடுங்கள். இடமும் மாறி உணவும் மாறினால் வயிறு கெட்டுவிடும்.

இன்னொன்று, செலவே இல்லாதது. எந்தச் சொல்லுக்கு எது என்று வீட்டில் எல்லோரும் கூடி முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் அத்தை ‘குந்து’ என்பார், கணவர் ‘சிட்’ என்பார், மகள் ‘உட்காரு’ என்பாள். நாய்க்கு இவை மூன்று தனித்தனி ஓசைகள். கடைசியில் ‘குந்து’ என்றே வைத்துக்கொண்டோம். வா, விடு, இரு ஆகியவற்றையும் சேர்த்துத் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினோம். அடியில் ‘ச்சூ, ச்சீ கூடாது’ என்று சிவப்பு மையில் ஒரு வரி.

முதல் 3 நாள்: ஒன்றும் கற்பிக்காதீர்கள்

நாய் வளர்ப்பவர்கள் நடுவே 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்கு உண்டு. பதற்றம் அடங்க 3 நாள், வீட்டு வழக்கம் பிடிபட 3 வாரம், இது நம் வீடு என்று நம்ப 3 மாதம். எல்லா நாய்க்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் அவசரப்படாமல் இருக்க உதவும்.

வந்த அன்றே குளிப்பாட்டுவது பெரிய தவறு. அக்கம்பக்கத்தாரை அழைத்துக் காட்டுவதும் வேண்டாம். கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள், தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாதீர்கள். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். அதுவாக வந்து முகரட்டும். முகர்ந்துவிட்டுப் போனால் போகட்டும். அடிக்கடி உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்ப்பது எல்லாம் ‘போதும், தள்ளிப்போ’ என்று சொல்லும் சாடை.

ஒருநாள் சரியாகச் சாப்பிடாவிட்டால் பதற வேண்டாம். இரண்டாம் நாளும் தொடவில்லை என்றாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ, உடம்பில் உண்ணி இருந்து காய்ச்சலும் இருந்தாலோ மருத்துவரிடம் போங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் பக்கம் சாதாரணமாக வருவது, விட்டால் உயிரை எடுப்பது. புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

துடைப்பப் பாடம்

எதைக் கண்டு உங்கள் நாய் பயப்படுகிறது என்று முதல் வாரத்தில் கவனித்து எழுதுங்கள். பொன்னியின் பட்டியலில் இருந்தவை துடைப்பம், குனிதல், குடை, லுங்கியை மடித்துக் கட்டுவது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் வேண்டியது உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழி. சுண்டைக்காய் அளவுக்குக் கிள்ளி வையுங்கள், அதற்கு மேல் பெரிதாக வேண்டாம். பாடத்துக்குக் கொடுக்கும் அளவைச் சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள்.

துடைப்பத்தை நாயிடமிருந்து 10, 12 அடி தள்ளித் தரையில் கிடத்துங்கள். நாய் அதைப் பார்த்ததும் ஒரு துண்டு கோழியை நாயின் பக்கம் போடுங்கள். மறுபடி பார்த்தால் மறுபடி ஒரு துண்டு. 5 நிமிடம் ஆனதும் துடைப்பத்தை எடுத்து மறைத்துவிடுங்கள், கோழியும் நின்றுவிடும். அன்றைய பாடம் அவ்வளவே. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை.

இந்த வரிசை மாறக்கூடாது. முதலில் துடைப்பம் கண்ணில் பட வேண்டும், அதன் பிறகே கோழி. முதலில் கோழியைக் காட்டி, பின்னால் துடைப்பத்தை எடுத்தால் கோழியின் மேலேயே சந்தேகம் வந்துவிடும். ருஷ்யாவில் பாவ்லோவ் என்ற விஞ்ஞானி நாய்களிடம் கண்டதும் இதே வரிசைதான்: ஓர் ஓசைக்குப் பின் உணவு தொடர்ந்து வந்தால், நாளடைவில் ஓசைக்கே வாயில் நீர் ஊறும். நாம் ஓசைக்குப் பதில் துடைப்பத்தை வைக்கிறோம்.

சில நாளில் நாய் துடைப்பத்தைப் பார்த்துவிட்டு ‘எங்கே?’ என்பது போல உங்கள் முகத்தைப் பார்க்கும். அடுத்த படிக்குப் போகலாம் என்பதற்கு அடையாளம் அது. இனி ஒருவர் துடைப்பத்தை அசையாமல் பிடித்து நிற்கட்டும். பிறகு மெல்ல அசைக்கட்டும். பிறகு கூடத்தின் மறுகோடியில் இரண்டு வீச்சு பெருக்கட்டும். எந்தப் படியிலாவது நாய் கோழியைத் தின்ன மறுத்தால், நீங்கள் வேகமாகப் போய்விட்டீர்கள் என்று பொருள். முந்தைய தூரத்துக்குத் திரும்புங்கள்.

எங்கள் வீட்டில் இந்தப் பாடத்தை நடத்தியவர் அத்தை. தினமும் வாசல் தெளித்துப் பெருக்குபவர் அவர்தானே. அவர் கையில் இருக்கும் துடைப்பத்துக்குத்தான் பொன்னி பழக வேண்டியிருந்தது. 19 நாள் ஆயிற்று. இப்போது அத்தை வாசல் பெருக்கும்போது பொன்னி படியில் படுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

குனிவதற்கும் இதே முறைதான். முதலில் இடுப்பை லேசாக வளையுங்கள், கோழியைப் போடுங்கள். அடுத்து முழங்கால் வரை. கடைசியாகக் கையால் தரையைத் தொட்டு, தொட்ட இடத்தில் ஒரு துண்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மனிதர் குனிந்தால் கல் வரும் என்றிருந்ததை, குனிந்தால் கோழி வரும் என்று மாற்றுகிறோம்.

பெயர், குந்து, வா

பெயரை ஒருமுறை மட்டும் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்த நொடியே ‘நல்ல பிள்ளை’ என்று சொல்லி ஒரு துண்டு. நொடி தாமதித்தால் எதற்குக் கொடுத்தீர்கள் என்று நாய்க்குப் புரியாது. பெயரைச் சொல்லித் திட்டாதீர்கள்.

குந்து சுலபம். விரல் நுனியில் கோழியை வைத்து மூக்குக்கு நேராகக் காட்டி, மெல்ல நெற்றிக்கு மேலே பின்பக்கமாக நகர்த்துங்கள். தலை உயரும், பின்பாகம் தானாகக் கீழே இறங்கும். தரையைத் தொட்டதும் கொடுங்கள். இடுப்பை அழுத்தி உட்கார வைக்காதீர்கள், அடிபட்ட நாய்க்கு அது அடியின் நினைவு. பத்துப் பதினைந்து தடவை சரியாக வந்த பிறகு சொல்லைச் சேருங்கள்.

‘வா’ உயிரைக் காக்கும் சொல். கூடத்தில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து மாற்றி மாற்றிக் கூப்பிடுங்கள். வரும் ஒவ்வொரு முறையும் கோழி உண்டு. குளிப்பாட்டவோ, மருந்து கொடுக்கவோ, கண்டிக்கவோ ‘வா’ என்று கூப்பிடாதீர்கள். அதற்கெல்லாம் நீங்களே எழுந்து போங்கள்.

சிறுநீர், மலம்

தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கால் மணி நேரத்திலும், மற்ற நேரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஒரே இடத்துக்கு அழைத்துப் போங்கள். சிமென்ட் தரையில் போய்ப் பழகிய நாய்க்கு மொசைக் தரையும் ஒன்றுதான், வேண்டுமென்று செய்வதில்லை. வெளியே போனால் அங்கேயே, அந்த நொடியே பாராட்டிக் கொடுங்கள். உள்ளே போய்விட்டால் மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது எதுவும் வேண்டாம். மறைவாகப் போக வேண்டும் என்பதைத்தான் அதிலிருந்து கற்கும். தண்ணீரும் வினிகரும் கலந்து துடையுங்கள். அமோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் சிறுநீர் வாசம் போலிருந்து மறுபடி அங்கேயே போகும்.

தெருவில் நடப்பது

முதல் வாரம் வீட்டு வாசலும் மொட்டை மாடியும் போதும். மாடிக்கும் கயிற்றோடுதான், பயந்த நாய் கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிடும்.

எங்களுக்குச் சிரமமாக இருந்தது தெரு நாய்கள்தான். ஒவ்வொரு சந்துக்கும் ஒரு கூட்டம். புது நாயைக் கண்டால் குரைத்துக்கொண்டு வரும். அப்போது கயிற்றை இறுக்கி இழுக்காதீர்கள், ஓடாதீர்கள், கத்தாதீர்கள். கயிறு இறுகினால் ஆபத்து வந்துவிட்டது என்று உங்கள் நாய் நினைக்கும். நின்று, வளைவாகத் திரும்பி, வந்த வழியே நடங்கள். கை நிறைய பிஸ்கட்டைத் துரத்தி வரும் நாய்கள் பக்கம் இறைத்துவிட்டு நகர்வதும் பலமுறை கைகொடுத்தது. அவற்றுக்குக் கல் எடுக்காதீர்கள். பக்கத்தில் நிற்பது யார், அவள் எதற்குப் பயந்தவள் என்பது நினைவிருக்கட்டும்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகள் கிடையாது. ஆனால் மாலைக் கூட்டம் புது நாய்க்குத் தாங்காது. நாங்கள் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு விடியற்காலை 5 மணிக்குப் போனோம், 10 நிமிடத்தில் திரும்பினோம். அலைச் சத்தமே அவளுக்குப் புதிது. கோடையில் வெயில் ஏறிவிட்டால் தார்ச்சாலையில் புறங்கையை 7 நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

உறுமினால்

சாப்பிடும்போது அருகே போனால் சில நாய்கள் உறுமும். பட்டினி பார்த்த நாய்க்கு அது இயல்பு. தட்டைப் பிடுங்கி ‘யார் பெரியவர்’ என்று காட்டச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் எச்சரிக்காமலே கடிக்கும் நாய் உருவாகும். தட்டைக் கடந்து போகும்போதெல்லாம் தூரத்திலிருந்தே ஒரு நல்ல துண்டைத் தட்டில் போட்டுவிட்டுப் போங்கள். நீங்கள் வந்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று தெரிந்தால் உறுமல் குறையும். வாயில் எதையாவது கவ்விக்கொண்டால் அதைவிட நல்லதைக் காட்டி ‘விடு’ சொல்லுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு ஆகியவற்றை மட்டும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

பல் பட்டுத் தோல் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் போங்கள்.

தனியே விடுவது

கதவைச் சாத்திக்கொண்டு அரை நிமிடம் வெளியே நின்று திரும்புங்கள். பிறகு 2, 5, 10 நிமிடம் என்று கூட்டுங்கள். போகும்போது கொஞ்சிக் கொஞ்சி விடைபெறாதீர்கள். அலுவலகத்தில் ஒரு வாரம் விடுப்பு கிடைத்தால் அதை இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி

இதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். கைபேசியில் வெடிச் சத்தத்தை மிகக் குறைந்த ஒலியில் வையுங்கள், சத்தம் கேட்டதும் கோழி. துடைப்பத்துக்குச் செய்ததேதான். நாய் காதைக்கூட அசைக்காமல் தின்றால் மட்டும் அடுத்த நாள் ஒலியை ஒரு படி கூட்டுங்கள். மிகவும் நடுங்கும் நாயாக இருந்தால் மருத்துவரை முன்னதாகவே பாருங்கள், நம் தூக்க மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.

அன்று விடிவதற்கு முன்பும் மாலை 4 மணிக்கும் வெளியே அழைத்துப்போய் வாருங்கள், ஹார்னெஸும் பெல்ட்டும் இரண்டும் மாட்டி. பயந்து ஓடித் தொலையும் நாய்கள் அந்த இரவில் அதிகம், எண் எழுதிய பெல்ட்டை இரவிலும் கழற்ற வேண்டாம். இருட்டும் முன் சாப்பாடு, பிறகு சன்னல்களைச் சாத்தி மின்விசிறியை வேகமாக வைத்து வானொலியைப் போட்டுவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தால் இழுக்காதீர்கள். போன தீபாவளிக்குப் பொன்னி அங்கேதான் இருந்தாள். நான் பக்கத்தில் தரையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டேன். பதினோரு மணிபோல முன்னங்காலை நீட்டி என் கைமேல் வைத்தாள்.